கொளஞ்சிக்கு யாருமில்லை

அடிக்குறிப்பில் கொளஞ்சிக்கு வீடு வந்திருந்தது.

பேராசிரியர் இளஞ்செழியன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திருத்தப்படியை மறுபடி பார்த்தார். லேசுப்பட்ட ஆளா அவர்? புதுச்சேரி வரலாற்றில் அவருக்குத் தெரியாமல் ஒரு காக்காய்கூடக் கடற்கரையில் உட்கார்ந்ததில்லை. அடுத்தவர் கட்டுரையில் ஒரு தேதி பிசகினால் போதும், கருத்தரங்க மேடையே கிடுகிடுக்கும். வாசித்தவர் மூன்று சொம்பு தண்ணீர் குடிப்பார். அப்பேர்ப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் எழுதியிருந்தார். முப்பது வருஷத்துக்கு முன், முனைவர் பட்ட ஆய்வில், பிரெஞ்சுக்காரன் காலத்து நெசவாளர் கலகம் ஒன்றுக்குச் சாட்சி அகப்படாமல், கொளஞ்சி என்று கணக்கெழுதும் எழுத்தன் ஒருவனைத் தானே பெற்றுப் போட்டார். யாரும் தேடிக்கொண்டு போய்விடக் கூடாதே! ‘இடது கால் ஊனம். வீடில்லை, மனைவியில்லை, வாரிசில்லை’ என்று கதவைச் சாத்திவிட்டார்.

இப்போது மறுபதிப்பு. ‘வீடில்லை’ இருந்த இடத்தில், ‘வீடு: ரெட்டியார்பாளையம்.’

ரெட்டியார்பாளையத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அச்சக உரிமையாளர் பக்ருதீனைப் போனில் பிடித்தார்.

“நீங்க குடுத்தத அப்புடியே போட்டோம், முசே. நாப்பது வருசமா தொழில் பண்றேன், சொந்தமா ஒரு புள்ளி வச்சிருப்பேனா?”

சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். மத்தியானம்தான், ஆனால் ஐப்பசி மழை வானத்தையே சாக்கு போட்டு மூடிவிட்டதுபோல் பிடித்துக்கொண்டிருந்தது, கரண்டும் இல்லை. ஈரக் காகிதத்தின் வாடைக்கு நடுவே, தறியில் பாவுநூலுக்குப் போடும் புளித்த கஞ்சி வாசம் ஒன்று எங்கிருந்தோ கிளம்பி, அலமாரி அலமாரியாக மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி அறைக்குள் நகர்ந்தது. தலைக்குமேல், மொட்டைமாடிப் படிக்கட்டில், ஒரு காலை ஊன்றி மற்றதை இழுக்கும் சத்தம்.

தொப். சர்ர்ர். தொப்.

அடுக்களையிலிருந்து மனைவி சுமலதா குரல் கொடுத்தாள். “என்னாங்க, மாடிக்கும் கீழுக்கும் எத்தினி வாட்டிதான் நடப்பீங்க? தேர் இழுக்கிறீங்களா? டீ ஆறுது, வாங்க.”

அவரோ இதுவரை நாற்காலியை விட்டு எழவே இல்லை.

குனிந்து பார்த்தார். அடித்த வரி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக: ‘மனைவி: சுமலதா.’

வீடு போனால் போகட்டும். சுமலதா?

அடித்தார். காகிதம் கிழியும்வரை அடித்தார். அடுத்த தாளிலும் அவள் பெயர் இருந்தது. அதற்கடுத்த தாளிலும். முந்நூறு பக்கத்திலும். கடைசியில், எந்த நீதிமன்றத்திலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாத மனுஷர், ஓரத்தில் எழுதினார்: ‘கொளஞ்சி என்று ஒருவன் இல்லை. நானே இட்டுக்கட்டினேன்.’

மை காய்ந்தது. படித்தார்.

‘இளஞ்செழியன் என்று ஒருவன் இல்லை.’

படியில் சத்தம் நின்றிருந்தது. அடுக்களையில் நாற்காலி இழுபட்டது.

“உக்காருங்க. இன்னா கோலம் இது, இப்புடி வேர்த்திருக்கு?” என்றாள் சுமலதா.

“சுமா!”

ஓடினார். அவள் திரும்பவில்லை. கத்தினார். தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் லேசாகச் சிலிர்த்தாள், அவ்வளவுதான்.

“சாரல் அடிக்குதுங்க” என்று அவரைத் தாண்டிக் கை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

மேஜையில் அவருடைய தம்ளர். அவருடைய சட்டை. அவர் உட்காரும் பக்கம்.

அந்தச் சட்டையின் கழுத்துக்கு மேலே பார்த்தார்.

முப்பது வருஷத்தில் கொளஞ்சிக்கு ஒரு முகம் எழுத வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

சுமலதா சிரித்துக்கொண்டே முந்தானையால் வேர்வையைத் துடைத்துவிட்டாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை. வழவழவென்று, எதிலும் தட்டாமல், ஒரே இழுப்பில் இறங்கியது அவள் கை.