திரும்பிப் பார்த்தால் உன்னுடையது

அன்று ரொட்டியை வாங்கிக்கொண்ட வாய் ஈரமாக இல்லை.

யாஸ்னா அதை உடனே கவனிக்கவில்லை. கடலிலிருந்து ஏறிவந்த மூட்டம் வல்பராயிசோ துறைமுகத்தின் குன்றுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த, குளிர்கால ஜூலை மாத மாலை அது. படிக்கட்டின் இரு பக்கத்துத் தகர வீடுகளிலிருந்தும் மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை கசிந்தது. தெருவிளக்குகள் எரிந்தும் எரியாத மாதிரி இருந்தன. அவள் பாதி உயரம் ஏறியிருந்தபோது பின்னால் கல்லில் நகம் படும் சத்தம் கேட்டது. கை தானாகப் பைக்குள் போயிற்று, ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தது, திரும்பிப் பார்க்காமல் இடுப்புக்குப் பின்னால் நீட்டியது. துண்டு போய்விட்டது. இரண்டு படி ஏறிய பிறகுதான் உள்ளங்கை காய்ந்தே இருப்பது உறைத்தது. மந்திரி வாங்கினால் மணிக்கட்டு வரை எச்சிலாகும்.

இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு மற்றொன்றும் உறைத்தது. மந்திரியை அன்று காலைதான் பேருந்துத் தூரத்தில் இருக்கும் ஓல்முவே ஊரில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மந்திரி என்பது நாய். மண் நிறம், ஒரு காது மடங்கியது, பின்னங்கால் ஒன்று தரையில் படாது. எல்லார் பின்னாலும் போய், எல்லார் வீட்டு ரொட்டியையும் தின்று, யாருக்கும் எதுவும் செய்யாமல் இருந்ததால் அந்தப் பதவி. இருட்டிய பின் யார் படியேறினாலும் அடிவாரத்தில் எழுந்துகொள்ளும். அவரவர் கதவு வரை பின்னாலேயே வரும். குரைக்காது, முன்னால் ஓடாது, எப்போதும் பின்னால்தான்.

குன்றில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை, அதனாலேயே எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள். ரொட்டி கொடுக்கலாம், திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நாய் உன்னுடையது. வாசலில் படுத்துக்கொள்ளும், அப்புறம் தடுப்பூசி, பூச்சி மருந்து, மழையில் போர்த்த சட்டை, பக்கத்து வீட்டுக்காரன் காலைக் கடித்தால் பஞ்சாயத்து எல்லாம் உன் தலையில். பார்க்காதவரை அது குன்றுக்கே சொந்தம், அதாவது யாருக்கும் சொந்தமில்லை. கைகள் எல்லாம் பின்னால் நீளும். கண்கள் எல்லாம் முன்னால் இருக்கும். பாசத்தைக் கூட முதுகால் காட்டுகிற ஊர்.

போன மாதம் யாரோ இறைச்சியில் விஷம் வைத்தார்கள். கறுப்பு நாயும் அதன் குட்டியும் அடிவாரத்துக் குப்பைத் தொட்டி அருகே விறைத்துக் கிடந்தன. எல்லாரும் வருத்தப்பட்டார்கள், மந்திரிக்கு இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டார்கள். யாஸ்னா மட்டும் அன்று மாலை படியில் நின்று திரும்பினாள்.

அது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே மூட்டத்தைப் பார்த்து நின்றது. முதுகு முடி சிலிர்த்திருந்தது. கூப்பிட்டாள், வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கழுத்தில் கை வைத்த பிறகுதான் தன் முழுக் கனத்தையும் அவள்மேல் சாய்த்தது. உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தாள்.

வீடு தேட ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை. பார்வை மங்கியவர்கள் எல்லாரிடமும் நாயின் படத்தைக் காட்டினாள். ஒருவருக்கு நொண்டி நாய் வேண்டாம். ஒருவருக்குக் காவலுக்கு வேண்டும், சங்கிலியோடு. கடைசியில் கிடைத்தவர் எலியானா, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ், ஓல்முவேயில் தனி வீடு. யாஸ்னா கூடவே போய் மதிலைத் தட்டிப் பார்த்தாள், கேட்டின் இடுக்கில் கையை விட்டுப் பார்த்தாள், தண்ணீர்ச் சட்டியைக் கழுவி வைத்தாள். வெண்ணெய்ப்பழ மரத்தடியில் நாயை விட்டுவிட்டு, பேருந்தில் வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினாள். இனி அதற்கு விஷமில்லை. அது போதும்.

அப்படியென்றால் இப்போது பின்னால் வருவது?

வேறு ஏதோ நாய், என்று சொல்லிக்கொண்டாள். சத்தம் அவள் நின்றால் நின்றது, ஏறினால் ஏறியது. கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு நாய்க்குப் பொறுப்பேற்க அவளால் முடியாது.

இரவு எலியானா வீடியோவில் கூப்பிட்டார். மந்திரி கம்பளத்தில் கால் நான்கையும் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது.

"வந்ததுலேர்ந்து இதேதான் பொண்ணே. சாப்பிடக் கூட எழுந்திரிக்கல."

"உடம்பு சரியில்லையா அம்மா?"

"சேச்சே. எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவ நான். இது நைட் டியூட்டி முடிச்சவன் தூக்கம். எத்தனை வருஷ டியூட்டியோ, பாவம்."

யாஸ்னா சிரித்தாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தபோது குன்றின் மேலே ஆட்களை இழுத்துச் செல்லும் கம்பிவண்டி வழக்கம்போலப் பழுது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று பலகை தொங்குகிறது. அடிவாரத்தில் நூவியா தன் ரொட்டிக்கடையின் தட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி யாஸ்னா, பேருந்து செலவு பண்ணி, அழுதுகிட்டே வேற போய் விட்டுட்டு வந்தியாமே. உன் மந்திரி உனக்கு முன்னாடி வந்து சேந்துட்டார்."

"எங்கக்கா?"

"எங்கன்னா? நேத்து கடை சாத்திட்டு ஏறுறேன், பின்னாலயே டக்கு டக்குன்னு வர்றார். ரெண்டு துண்டு குடுத்தேன். மேல் வீட்டுப் பசங்களும் குடுத்தாங்களாம். பதவியை விட்டுட்டு எந்த மந்திரி போவான்?"

"பாத்தீங்களா அக்கா? கண்ணால?"

நூவியா தட்டியைக் கீழே வைத்தாள். "எனக்கென்ன கிறுக்கா? பாத்தா என் தலையில விழும்."

"கை ஈரமாச்சா?"

"என்ன?"

"ரொட்டி குடுத்த கை. ஈரமாச்சா?"

நூவியா தன் வலது கையைப் பார்த்தாள். ஏப்ரனில் மெதுவாகத் துடைத்தாள்.

"குளிர்ல மூக்கு காஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, "பாதிப்படி வீட்டு லாவுத்தாரோ கிழம் பாத்துடுச்சு போல. இன்னைக்கு ரொட்டி வாங்க வரல. மத்தியானம் அந்தப் பக்கம் போனா வீட்டுக்குள்ள நகச் சத்தம் கேக்குது. சத்தமில்லாம உள்ள வெச்சுகிட்டிருக்கு கஞ்சன். வாழ்க்கையில மொத தடவையா ஒரு உயிருக்குச் சோறு போடுது" என்றாள்.

"மந்திரி ஓல்முவேல தூங்குதுக்கா. நேத்து ராத்திரி பாத்தேன்."

நூவியா "கூட வரவா?" என்று கேட்கவில்லை. ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி யாஸ்னாவின் பைக்குள் திணித்து, "குடுத்துட்டே போ" என்றாள். அன்று அவள் கடையைச் சாத்திவிட்டுப் படியேறவில்லை. தட்டிகளை உள்ளிருந்தே இழுத்து மூடிக்கொள்ளும் சத்தம் யாஸ்னாவுக்குக் கேட்டது.

படிகள் நனைந்திருந்தன. எங்கோ ஒரு வானொலி கரகரத்தது, யாரோ வெங்காயம் வதக்கினார்கள், ஒரு குழந்தை குளிக்க மாட்டேன் என்று அழுதது, எல்லாம் சுவர்களுக்கு அந்தப் பக்கம், எல்லாம் வேறு யாருடைய மாலையோ. ஏற ஏற அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் அவளுடைய மூச்சும் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும் மட்டுமே மிஞ்சின.

லாவுத்தாரோவின் கதவு திறந்திருந்தது. ஒரு சாண். உள்ளே விளக்கு எரிந்தது. அடுப்பில் கெண்டி நெடுநேரமாக விசிலடித்துக்கொண்டிருந்தது, யாரும் இறக்கவில்லை.

"லாவுத்தாரோ தாத்தா?"

அந்த ஒரு சாண் இடைவெளியில் மேசையின் ஓரம் தெரிந்தது. அதன்மேல் ரொட்டித் துண்டுகள். ஊறி, அழுந்தி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. எதையும் யாரும் தின்றிருக்கவில்லை. நாற்காலி ஒன்று கதவுக்கு எதிர்ப்புறமாகத் திரும்பியிருந்தது. அதன் முதுகுக்கு மேல் கிழவரின் கம்பளித் தொப்பி தெரிந்தது. அசையவில்லை.

கெண்டி நின்றது. யாரோ இறக்கியது போல.

அவள் ஏற ஆரம்பித்தாள். ஓடவில்லை. ஓடினால் அது துரத்தலாகிவிடும் என்று எங்கோ உள்ளுக்குள் தெரிந்திருந்தது. கீழே கிழவரின் கதவு கிறீச்சிட்டது. பிறகு கல்லில் நகம்.

டக். டக்.

மந்திரியின் நடை அவளுக்கு மனப்பாடம். டக் டக் டக், பிறகு நொண்டிக் காலுக்கு ஒரு இடைவெளி. இதில் அந்த இடைவெளி இல்லை. இது நொண்டவில்லை. நான்கு காலும் இல்லை. ஒன்று, மற்றொன்று. ஒன்று, மற்றொன்று. அவளைப் போலவே.

இது புதிய சத்தமும் இல்லை.  இத்தனை வருடமும் நாயின் சத்தத்துக்கு அடியில், இரண்டு மூன்று படி தள்ளி, இது இருந்திருக்கிறது. சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி என்று நினைத்திருந்தாள். அந்த நாய் யார் பின்னாலும் வந்ததில்லை. படியேறுகிறவர்களுக்கும் இதற்கும் நடுவில் நின்றிருக்கிறது, ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு இரவும், ஒரு துண்டு ரொட்டிக்கு. அவள் அதற்குப் பாதுகாப்பான வீடு தேடித் தந்துவிட்டாள்.

தெருவிளக்குகள் அணைந்தன. கீழேயிருந்து மேலாக, ஒவ்வொரு கம்பமாக.

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.  பின்னால் நீட்டினாள். எடுத்துக்கொள்ளப்பட்டது. காய்ந்த ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையின் ரேகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு விலகியது. மறுபடி பிய்த்தாள். மறுபடி. ரொட்டி தீர்ந்தது. வெறும் காகிதத்தை நீட்டினாள். அதுவும் போயிற்று.

வாசல். சாவி. சாவி எங்கே. சத்தம் ஒரு படி கீழே நின்றது. மூச்சு இல்லை. மழையில் நனைந்த மாவின் வாடை மட்டும். பூட்டு திறந்தது. உள்ளே காலை வைத்தாள், திரும்பாமல் குதிகாலால் கதவை உதைத்துச் சாத்தினாள், கையைப் பின்னால் விட்டுத் தாழை இழுத்தாள்.

அமைதி.

வீட்டுக்குள்ளும் மின்சாரம் இல்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கைபேசி வெளிச்சத்தில் மேசை தெரிந்தது, உப்புக்குப்பி தெரிந்தது. எலியானாவை வீடியோவில் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தாள்: மந்திரியைத் திருப்பி அனுப்புங்கள், நாளைக்கே, நானே வண்டி பிடிக்கிறேன்.

"என்ன பொண்ணே, இருட்டுல உக்காந்திருக்க?"

"கரண்ட் இல்லம்மா."

"இங்க பாரு உன் பிள்ளையை."

கம்பளம். மந்திரி. வயிறு ஏறி இறங்கியது, கால் ஒன்று கனவில் உதைத்தது. கழுத்தில் புதுப் பட்டை. பக்கத்தில் காலியான சட்டி.

"இன்னைக்கு சாப்பிட்டுச்சு. வாலைக் கூட ஆட்டுச்சு. இதுக்கு வால் ஆடும்னே எனக்குத் தெரியாது போ."

யாஸ்னா வாயைத் திறந்தாள். படிக்கட்டு நினைவுக்கு வந்தது, விறைத்துக் கிடந்த குட்டி, அவள்மேல் சாய்ந்த அந்தக் கனம், அந்த நடுக்கம்.

"நல்லா இருக்கட்டும்மா" என்றாள். "அங்கேயே இருக்கட்டும்."

அவள் குரலுக்கு மடங்கிய காது அசைந்தது. நாய் எழுந்தது. மூக்கு திரை முழுவதும் பெரிதாகி வந்தது. பிறகு கண். அது அவளைப் பார்க்கவில்லை. கழுத்து முடி மெல்ல எழுந்து நின்றது.

நாய் திரையிலிருந்து விலகிப் போயிற்று.

"எங்கடா போற? அட, இங்க வந்து பாரேன் இதை." எலியானா சிரித்தார். "போனைச் சுத்திக்கிட்டுப் பின்பக்கமா வந்து நிக்குது. உனக்குப் பின்னால வரணுமாம்."

ஒலிபெருக்கியில் உறுமல் கேட்டது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

திரையின் மூலையில், சிறு கட்டத்தில், யாஸ்னாவின் முகம் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. முகத்துக்குப் பின்னால் இருட்டும் தெரிந்தது. இருட்டில் ஏதோ நிறைந்திருந்தது. கட்டைவிரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து மூடினாள். திரையில் பார்த்தாலும் பார்ப்பது பார்ப்பதுதான்.

கதவைத் தாழிட்டிருந்தாள். ஆனால் திரும்பிப் பார்க்காமல் தாழிட்டிருந்தாள்.

"பொண்ணே? லைன்ல இருக்கியா?"

டக், என்றது தரை.

அவள் இடுப்புக்குப் பக்கத்தில், பின்னாலிருந்து, மெதுவாக, ஒரு ரொட்டித் துண்டு நீண்டு வந்தது. அவள் பிய்த்துக் கொடுத்தது. ஊறி, அழுந்தி, அவளுடைய விரல் தடத்தின் மேலேயே இன்னொரு தடத்தோடு. அவள் எப்போதும் நீட்டுகிற அதே உயரத்தில் அது நின்றது.

வாங்கிக்கொள்ளும் வரை அது அப்படியே நீட்டியிருந்தது.