தலைவர் கண்டுபிடித்த பாட்டு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், 'ஆளே இல்லாத அறையில' என்று தொடங்கும், மனித குலம் இதுவரை கேட்டிராத ஒரு பாடலை, அரிய இசைப் பரிந்துரைக் கழகத்தின் தலைவர் அவர்கள் தமது இடைவிடாத தேடலினால் கண்டுபிடித்துள்ளார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, தரைத்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, பாடல் தலைவரால் விளக்கப்படும். பயிற்சி பெற்ற காதுகள் உள்ளவர்கள் மட்டும் வரவும். நாற்காலியை அவரவரே கொண்டு வரவும்.

இப்படி ஒரு காகிதம் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. அதன் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி. மறுபக்கம் காணாமல் போன பூனை.

மிளகு அதை மூன்று முறை படித்தாள். முதல் முறை காது சூடானது. இரண்டாம் முறை மூக்கு. மூன்றாம் முறை படித்து முடித்தபோது, காணாமல் போன பூனைகூடப் படத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கியது போல இருந்தது.

மிளகு என்பது அவள் பெயரல்ல. உருவம் சிறிது, காரம் அதிகம் என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டார்கள். வயது பத்து.

தலைவர் என்பவர் அவளுடைய சொந்த அண்ணன். வயது பதினான்கு. மீசை வரப்போகிறது என்ற வதந்தி மட்டும் வந்திருந்தது. அவரே கழகத்தை ஆரம்பித்தார், அவரே தலைவரைத் தேர்ந்தெடுத்தார். கழகத்துக்கு மூன்று விதிகள். ஒன்று, நூறு பேருக்கு மேல் கேட்ட பாட்டைக் கேட்கக் கூடாது. இரண்டு, கூடவே முணுமுணுக்கக் கூடாது. மூன்று, காலால் தாளம் போடக் கூடாது. மிளகு சேர வந்தபோது முதல் நிமிடத்திலேயே இரண்டாவது விதியையும் மூன்றாவது விதியையும் ஒன்றாக மீறியதால் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதெல்லாம் பழைய கோபம். இது புதுக் கோபம்.

ஏனென்றால் அந்தப் பாட்டு அவளுடையது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வரும்போது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. உள்ளே மிளகு மட்டும். நாற்பது நிமிடம். லிஃப்ட் மெக்கானிக் வந்து மேலே இருந்த கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து குரல் கொடுத்தார்.

"பயப்படாதே பாப்பா."

"பாப்பா இல்ல. எனக்குப் பத்து வயசு. பயமும் இல்ல."

"சரிங்க மேடம். வேலை முடிய நேரம் ஆகும். பாட்டு போடட்டுமா? எங்க அக்கா பாடினது. நல்லா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நீயே கேட்டுச் சொல்லு."

இருட்டில், மேலேயிருந்த இடுக்கு வழியாக அந்தக் குரல் இறங்கி வந்தது. கூட ஒரு கிடார், அதுவும் கொஞ்சம் தயங்கித் தயங்கி.

*ஆளே இல்லாத அறையில
அணைக்க மறந்த மின்விசிறி நான்
காத்து யாருக்குன்னு கேட்காதே
சுத்துறதுதான் என் வேலை*

நடுவில் டிங் டாங் என்று ஒரு காலிங் பெல். பாடுகிறவர் "யாரு?" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போனார்.

"பெல் அடிச்சுது" என்றாள் மிளகு.

"அது நான்தான். வீட்டுச் சாவியை மறந்துட்டேன். சமையலறையில ரெக்கார்டு பண்ணிட்டு இருந்தா. இன்னொரு தடவை பாடுன்னு நான் சொன்னேன், இதுவே நல்லா இருக்குன்னு விட்டுட்டா."

"எத்தனை பேர் கேட்டிருக்காங்க?"

"நெட்ல முப்பத்தெட்டு தடவை ஓடியிருக்கு. அதுல முப்பது எங்க அம்மா."

மிளகு மறுபடி போடச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை முடிந்தபோது கதவு திறந்துவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முன்னறையில் யாருமே இல்லாமல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, மெதுவாக அணைத்தாள்.

இவ்வளவையும் அண்ணனிடம் சொல்லி, அம்மாவின் பழைய போனில் பாட்டையும் போட்டாள். அவன் அரை நிமிடம் கேட்டான். "கேக்கவே முடியல. பெல்லு சத்தமெல்லாம் வருது" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

இப்போது பலகையில் காகிதம்.

மிளகு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். செவ்வாய்க்கிழமை கீழே இறக்கிய லிஃப்ட் அன்றிலிருந்து தரைத்தளத்திலேயே நின்றது. ஏதோ ஒரு பாகம் வர வேண்டுமாம். சாதாரணக் கோபமாக இருந்தால் ஐந்து மாடியில் பாதி ஏறும்போதே தீர்ந்திருக்கும். இது தீரவில்லை.

"அது நான் சொன்ன பாட்டு."

தலைவர் நிமிரவில்லை. "நீ சொன்னது பாட்டு. நான் கண்டுபிடிச்சது கலை."

"கேக்க முடியலன்னு சொன்னே. முப்பத்தெட்டா இருந்தது இன்னைக்கு அறுபத்தொண்ணு ஆயிருக்கு. இருபத்து மூணு தடவை ஒளிஞ்சு ஒளிஞ்சு கேட்டிருக்கே."

"அதுக்குப் பேர் ஆய்வு."

"அதுக்குப் பேர் திருட்டு."

"லிஃப்டுல மாட்டிக்கிட்டு காதுல விழுந்ததெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது மிளகு. அது விபத்து. போ."

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். நாள் முழுக்க அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்திப் பழகியவள். "அண்ணன்தானே. விட்டுக்கொடும்மா" என்றாள், நோயாளிக்கு எண் கொடுப்பது போல.

விட்டுக்கொடு. ஜன்னல் ஓர இடத்தை விட்டுக்கொடு, பெரிய பென்சில் பெட்டியை விட்டுக்கொடு, கடைசி பிஸ்கட்டை விட்டுக்கொடு. பிறந்ததிலிருந்து மிளகு விட்டுக்கொடுத்ததை எல்லாம் அடுக்கினால் வீட்டில் நடக்க இடம் இருக்காது.

அப்பா செய்தித்தாளை இறக்கினார். அவர் எந்த வழக்கையும் பாதியாக வெட்டித் தீர்ப்பவர். "பாட்டோட முதல் பாதியை நீ கண்டுபிடிச்சே, மறுபாதியை அவன்னு வெச்சுக்கலாமே."

மிளகு அம்மாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினாள். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அவசர எண்ணை அழுத்தினாள்.

"லிஃப்ட் சர்வீஸ். யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" மெக்கானிக்கின் குரல்.

"இன்னும் இல்ல. சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க அண்ணன் மாட்டிக்குவான். நீங்க வரணும்."

விஷயத்தைக் கேட்டு மெக்கானிக் வெகுநேரம் சிரித்தார். "அந்தப் பாகத்தை மாட்ட அன்னைக்கு எப்படியும் வரணும். அக்காவுக்கும் அன்னைக்கு லீவு. கூட்டிட்டு வரட்டுமா?"

"கண்டிப்பா" என்றாள் மிளகு. அவள் திட்டம் இதுதான்: அண்ணன் எல்லார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தும் நேரம் பார்த்து, பாடினவரையே கொண்டுவந்து நிறுத்துவது. பிறகு காலிங் பெல் கதையைச் சொல்வது. பிறகு எல்லாரும் சிரிப்பது. அந்தச் சிரிப்பை அவள் இரண்டு நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை நான்கு மணி. மாபெரும் கூட்டம் கூடியது. அதாவது, தலைவர். அவர் இருமினாலும் குறிப்பெடுக்கும் மூன்றாம் மாடிச் செயலாளர். பிஸ்கட் கொடுப்பார்கள் என்று நம்பி உறுப்பினரான முதல் மாடி இரட்டையர். எங்கே கூட்டம் போட்டாலும் நாற்காலியோடு வந்துவிடும் இரண்டாம் மாடி மாமா. கடைசியாக, கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் மிளகு.

மெக்கானிக்கும் அவர் அக்காவும் வந்து, மிளகு சைகை காட்டியபடி பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். மடியில் ஒரு துணிப்பை. அதன் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஆறு பேரு" என்று தம்பியிடம் கிசுகிசுத்தார். "ஆறு பேரு ஒண்ணா உக்காந்து கேக்கப் போறாங்க."

தலைவர் பாட்டைப் போட்டார். ஒரு வரி ஓடியது. நிறுத்தினார்.

"இங்கே மின்விசிறி என்பது மின்விசிறி அல்ல" என்றார்.

செயலாளர் எழுதினாள்.

"பின்ன என்னப்பா?" என்றார் மாமா.

"நவீன வாழ்க்கை."

மறுபடி போட்டார். இரண்டு வரி. நிறுத்தினார். "கவனிக்கவும். கிடார் தயங்குகிறது. இது திட்டமிட்ட தயக்கம்."

படிக்கட்டில் அக்காவின் விரல்கள் பையின் காதை இறுக்கின.

மறுபடி. டிங் டாங். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தார். "இந்த மணி தற்செயலானது அல்ல. சமூகம் தனிமனிதனின் கதவைத் தட்டும் ஓசை இது."

"யாருன்னு கேக்குறாங்களே?" என்றார் மாமா.

"நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி."

மெக்கானிக் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டார். மிளகைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சொல்லிடலாமா?

இதோ, அந்த நேரம். மிளகு வாயைத் திறந்தாள். அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சிரிக்கவில்லை. தலைவர் நிறுத்தும் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் இப்போது பைக்குள் போய்விடுவார் போல இருந்தார்.

இப்போது அந்த மணியைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணனைப் பார்த்து மட்டும் அல்ல. பாட்டைப் பார்த்தும்.

மிளகின் கோபம் குறையவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

"நிறுத்து" என்றாள்.

"நிறுத்தித்தான் இருக்கேன்" என்றார் தலைவர்.

"பேச்சை நிறுத்து. பாட்டை ஒரு தடவையாவது முழுசா போட்டியா?"

"உறுப்பினர் அல்லாதவர்கள் பேசக் கூடாது."

"இதை இப்படிக் கேக்கக் கூடாது. எல்லாரும் எழுந்திருங்க. லிஃப்டுக்குள்ள வாங்க."

"அது ஓடாதே" என்றார் மாமா.

"ஓட வேண்டாம் மாமா. நாற்காலியை வெளியே வைங்க. அது ஆறு பேர் லிஃப்ட். நாம சரியா ஆறு பேர்."

அவள் குரலில் இருந்த காரத்தில் இரட்டையர் முதலில் உள்ளே போனார்கள். செயலாளர் போனாள். மாமா போனார். தனியாக நின்று விளக்க முடியாது என்பதால் தலைவரும் போனார். கடைசியாக மிளகு நுழைந்து, மெக்கானிக்கிடம் ஏதோ சொன்னாள். அவர் கதவை ஒரு விரல் இடுக்கு விட்டுச் சாத்தினார். விளக்கை அணைத்தார். தன் போனை இடுக்கில் வைத்தார்.

தலைவரின் போன் தலைவரிடமே இருந்தது. ஆனால் பாட்டு வெளியிலிருந்து வந்தது. நிறுத்த முடியாது. விரலை உயர்த்த இடமும் இல்லை.

*ஆளே இல்லாத அறையில
அணைக்க மறந்த மின்விசிறி நான்*

முதலில் யாரோ கனைத்தார்கள். அப்புறம் கனைப்பும் நின்றது. குரல் அந்தச் சின்னப் பெட்டியை நிறைத்தது. டிங் டாங்.

"யாரு?" என்று கேட்டது பாட்டு.

"நான்தான், ரெண்டாம் மாடி" என்றார் மாமா, பழக்கதோஷத்தில்.

இருட்டு முழுவதும் சிரித்தது. பாட்டு தன்பாட்டுக்குத் தொடர்ந்தது. மறுபடி அமைதி. கடைசி வரிகளில் மிளகின் காதருகே யாரோ மெல்ல முணுமுணுத்தார்கள். சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டாவது விதி தவிடுபொடி. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிற குரல்.

காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. மிளகு அவன் கையில் லேசாகக் கிள்ளியதோடு விட்டாள். லேசாக என்பது அவள் கணக்கில்.

விளக்கு வந்தது. கதவு திறந்தது. எதிரே துணிப்பையோடு ஒரு பெண் நின்றார். கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நீங்க யாரும்மா?" என்றார் மாமா.

"நான்தான் பாடினது."

தலைவரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆனது. மாமா விடவில்லை. "ஏம்மா, அந்தக் காலிங் பெல்லுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா தம்பியைக் காட்டினார். "இவன் சாவியை மறந்துட்டான். அந்த அர்த்தம்தான்."

செயலாளர் பேனாவோடு நிமிர்ந்தாள். "எழுதவா தலைவரே?"

"எழுது" என்றார் தலைவர்.

"எங்க அம்மாவைத் தவிர இதை யாரும் தேடிக் கேட்டதில்ல" என்றார் அக்கா. "முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

தலைவரின் விரல் பழக்கத்தில் மேலே எழுந்தது. பாதி வழியில் நின்றது. மெதுவாகத் திரும்பி மிளகைக் காட்டியது.

"என் தங்கச்சி" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"கேக்கல" என்றாள் மிளகு.

"என் தங்கச்சின்னு சொன்னேன்."

"ரெண்டாம் மாடி மாமாவுக்குக் கேக்கல."

"கேட்டுச்சு கேட்டுச்சு" என்றார் மாமா.

"என் தங்கச்சி கண்டுபிடிச்சா" என்றான் அண்ணன், மூன்று மாடிக்குக் கேட்கும்படி.

"எழுதவா?" என்றாள் செயலாளர்.

"பெரிய எழுத்துல" என்றாள் மிளகு.

அக்கா இன்னொரு பாட்டும் இருக்கிறது என்றார். எல்லாரும் முன்பு கேட்டது போலவே மறுபடி லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். இந்த முறை அவர் இடுக்குக்கு வெளியே நின்று நேரிலேயே பாடினார். இரட்டையர் பிஸ்கட்டை மறந்தார்கள். தலைவர் காலால் தாளம் போட்டார். யாரும் குறிப்பெடுக்கவில்லை.

முடிந்ததும் மாமா நாற்காலியை மடக்கிக்கொண்டு, "சரி தம்பி, அந்தப் பாகத்தை மாட்டிடு. எனக்கு மூட்டு வலி" என்றார்.

மெக்கானிக் தன் கருவிப் பையைத் திறந்து பார்த்தார். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

பாகம் வீட்டில் இருந்தது. எல்லாரும் படியேறிப் போனார்கள்.