ஸ்டாண்டில் நின்ற சைக்கிள்

நந்தினி பெடலை விட்டு இறங்கிய பிறகும் டைனமோ இரைந்துகொண்டிருந்தது.

டபுள் ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளின் பின்சக்கரம் சற்று நேரம் சுற்றத்தான் செய்யும் என்று அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் டைனமோவின் தலை டயரை அழுத்திப் பிடித்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் இரண்டு மூச்சுக்குள் சக்கரம் நின்றுவிட வேண்டும். அவள் சமையலறைக்குப் போய், தண்ணீர் மொண்டு குடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் ஹாலில் அந்த இரைச்சல் அடங்கியது.

புயல் ஓய்ந்து வெளிச்சம் மங்குகிற நேரம். நிலக்கரி வெட்டி ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற நகரியத்தில் கரண்ட் போகும் என்று யார் நினைத்தார்கள்? வீட்டில் ஒரு மெழுகுவத்திகூடக் கிடையாது. அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ரிட்டயராகிக் காலி செய்து மாதங்கள் ஆகின்றன. அந்த வரிசையில் அவள் ஒருத்திதான். நேற்றுக் காலை மைன்ஸுக்கு முதல் ஷிப்ட் போன கணவன் சுதாகர் இன்னும் திரும்பவில்லை. தெருவை அடைத்து மரங்கள் கிடந்தன. போன் செத்துக் கிடந்தது.

புயல் செய்தி கேட்டதுமே, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்த தெம்பில், அவன் சைக்கிள் டைனமோவை வைத்துச் சார்ஜர் செய்ய உட்கார்ந்தாள். அந்தச் சொற்ப கரண்ட் டச் போனுக்குக் காணாது. பழைய பட்டன் போனுக்குப் போதும். அதில் சிம்மை மாற்றிப் போட்டிருந்தாள். ஒயர்களைச் சால்டர் வைத்துப் பற்றவைத்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மிச்ச ஒயர்களைக் கையால் முறுக்கிய பிறகு, இன்று மாலைதான் சார்ஜ் ஏறவே தொடங்கியது.

“சைக்கிள வச்சிட்டுப் போங்க,” என்று நேற்றுக் காலை அவள்தான் சொன்னாள்.

“ஊருக்கே கரண்ட் குடுத்துட்டு, நம்ம வூட்ல சைக்கிள் மிதிச்சா போன் போடப்போற?” சிரித்தபடி செருப்பை மாட்டினான். “சரி, நடந்தே போறேன்.”

மறுபடி இரைச்சல்.

ஹாலிலிருந்துதான். இந்த முறை ஒரே சீராக இல்லை. ஒரு மிதி பலமாக, ஒரு மிதி நொண்டலாக. சுதாகரின் இடது முட்டி சரியாக மடங்காது. இருபது வருடமாக அவன் அப்படித்தான் மிதிக்கிறான். ஈர நிலக்கரியின் கந்தக வாடை, அவன் ஷிப்ட் சட்டையைத் துவைக்கும்போது வருமே, அதே வாடை சமையலறை வரை வந்தது. பயப்படுவதற்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது.

“வந்துட்டீங்களா?”

மிதிப்பது நிற்கவில்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். வாசல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. சைக்கிளில் யாரும் இல்லை. சீட்டின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது. பெடல்கள் சுற்றின. இடது பெடல் மேலே வரும்போது தயங்கியது. பிறகு இறங்கியது.

பட்டன் போனின் திரை எரிந்தது. டவர் ஒரு கோடு. உடனே மணி அடித்தது. சுதாகரோடு வேலை பார்க்கும் முத்தாண்டிக்குப்பம் பழனிவேல்.

“அண்ணி, அண்ணன் வூடு வந்தாரான்னு கேக்க நேத்துல இருந்து அடிச்சிக்கினே இருக்கேங்க. இப்பதான் லைன் கெடச்சிது.” அவன் குரல் உடைந்தது. “காத்து பலமாறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடறேன்னு அண்ணன் நடந்து வந்துக்கினு இருந்தாருங்க. அவரு மேல மரம் சாஞ்சிடுச்சி. இன்னிக்கு அறுத்து எடுக்கறப்பதான் பாத்தாங்க. சைக்கிள் இருந்திருந்தா முன்னாடியே வூடு வந்து சேந்திருப்பாரு.”

வைத்துப் போகச் சொன்னது நான்தானே, நான்தானே என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

டைனமோவிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். போன் கையோடு வந்தது. சக்கரம் நிற்கவில்லை.

வேகம் கூடியது.

பலமாக ஒன்று. நொண்டலாக ஒன்று. மூச்சு வாங்கும் சத்தம். காலியான பெடல்களிலிருந்து கறுப்புச் சேறு தரையில் சொட்டியது, வலப்பக்கம், இடப்பக்கம்.

தரையைத் தொடாத சக்கரம் சுற்றிச் சுற்றிப் பறந்தது. சைக்கிள் ஓர் அங்குலமும் நகரவில்லை.

தெருமுனை திரும்பியதும் கேட்டைத் திறக்கச் சொல்லி எப்போதும் அடிப்பானே, அதே போல ஹேண்டில்பாரில் மணி அடித்தது. இரண்டு முறை. கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு முறை.