சிம்லாவுக்குப் போய்வந்த ஆப்பிள்

சிம்லாவுக்குச் சுற்றுலா போய்வந்த வேல்விழி, கம்பளிக் குல்லாவோடு வகுப்புக்கு வந்தாள். சங்கரன்கோவில் வெயிலில் காதோரம் வியர்வை ஒழுகியது. கழற்றத்தான் மனசு வரவில்லை.

சுற்றுலா கிளம்பும் முன்பே அவள் வகுப்பில் சொல்லியிருந்தாள்: "நம்ம பஸ் ஸ்டாண்டுல சிம்லா ஆப்பிள்னு விக்குதாங்களே, அதெல்லாம் வெறும் சக்கை! நான் சிம்லாவுலேருந்தே கொண்டுட்டு வாரேன். எல்லாருக்கும் உண்டு."

பக்கத்தில்தான் ரூபியா உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு பழக்கடை அவள் வாப்பாவுடையது.

சிம்லாவில் வாங்கிய ஒரு பெட்டி ஆப்பிளும் ரயில் சூட்டில் அழுகிவிட்டது.

"வெறுங்கையோட எப்படிப்பா போவேன்?" என்று வேல்விழி அழுதாள்.

"இங்கயும் சிம்லா ஆப்பிள்னுதான விக்குதான்? பேரு ஒண்ணுதான். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அப்பா. நேற்று சாயங்காலம் அவர் ஸ்கூட்டரை நிறுத்திய இடம் ரூபியாவின் கடை.

வாப்பாவுக்கு உதவியாக நின்ற ரூபியா, "அடிபடாததாப் பொறுக்கித் தாரேன் மாமா," என்றாள். வேல்விழி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். குல்லா மட்டும் வெளியே தெரிந்தது.

இன்று, அந்தப் பழம் துண்டு துண்டாகத் தட்டில் வகுப்பைச் சுற்றி வந்தது.

கோமதியம்மாள் டீச்சர் கண்ணை மூடி மென்றார். "பனியில விளைஞ்ச பழம்லா! இந்த ருசி நம்ம ஊர்ல வருமா?"

"வராது டீச்சர்," என்றான் மகாராஜன், மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே. "ஏட்டி ரூபியா, நல்லா ருசி பாத்துக்கோ. உங்க வாப்பாட்டயும் போய்ச் சொல்லு!"

வகுப்பே சிரித்தது. ரூபியா தலையைக் குனிந்து மென்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வேல்விழிக்கு. முகம் சுட்டது.

எழுந்து நின்றாள்.

"டீச்சர்... இது சிம்லாவுல வாங்கினது இல்ல. அது அழுகிப்போச்சு. இது ரூபியா கடைப் பழம். நேத்து அவதான் பொறுக்கித் தந்தா. நான் பொய் சொல்லிட்டேன்."

டீச்சர் மெல்லுவதை நிறுத்தினார். பனியில் விளைந்த ருசி எங்கே போனது என்று தேடுவதுபோல் தட்டைப் பார்த்தார். மகாராஜன், வாயிலிருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான்.

வேல்விழி ரூபியாவிடம் திரும்பினாள். குரல் உடைந்தது. "சக்கைன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருட்டி. நீ ஏன் என்னையக் காட்டிக்குடுக்கல?"

"சொன்னா நீ அழுவேல்லா," என்றாள் ரூபியா. பிறகு மெல்லச் சிரித்தாள். "அதோட, டீச்சரே எங்க கடைப் பழத்த இம்புட்டுப் புகழுதாங்க. அதை யாராவது நிறுத்துவாங்களா?"