குடிபூரலுக்கு நான் வைத்த பால்

கிரான்பர்னில் அந்த வீட்டின் முன்னால் என் கணவர் லதீஸ் காரை நிறுத்தியபோது காலை ஏழு மணி. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வினுஷாவும் அவள் புருஷன் கஜீவனும் வாங்கிய வீட்டுக்கு அன்று குடிபூரல், புதுமனை புகுவிழா. எனக்கு இறங்கவே மனமில்லை.

"முகத்தைக் கொஞ்சம் நல்லா வைச்சிரும்," என்றார் அவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டைக் கண்டுபிடித்தவள் நான். ஸ்பிரிங்வேலில் இரண்டு அறை வாடகை யூனிட்டில் ஒன்பது வருடம் இருந்து சலித்தவள். சிவப்புச் செங்கல் வீடு, நாலு அறை, மகள் ஸ்ருதி நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், தெரு முனையில் பூங்கா, எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டக்கூடிய விலை. என் வாய் சும்மா கிடந்ததா? வேலையிடத்தில் வினுஷாவிடம் படங்களைக் காட்டினேன். "சும்மா பாக்க வாறம் அக்கா" என்று சொல்லி ஏலத்துக்கு வந்தவள், நாங்கள் விலை தாங்காமல் கையை இறக்கியதும் புருஷனின் கையைத் தூக்கிவிட்டாள். எனக்கு ஏழு வருடம் பிந்தி இந்த நாட்டுக்கு வந்தவள். வயிறு எரியாதா? எரிந்தது. அதை மறைக்க நான் என்ன தெய்வமா?

உள்ளே சாம்பிராணிப் புகை. ஐயர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். வினுஷா என் கையைப் பிடித்து ஓர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, எனக்குக் காலமை சுகமில்லாமல் வந்திட்டுது. பால் வைக்கிற நேரம் இன்னும் பத்து நிமிசம்தான். நீங்கள் வைச்சுத் தாறீங்களா?"

"உம்மட மாமி இருக்கிறாவே."

"அவவுக்குத் தெரிஞ்சால் குடிபூரலையே நிப்பாட்டிப் போடுவா. என்ர கை சுட்டுப்போச்செண்டு சொல்லிட்டன். நீங்கள் எனக்கு அக்கா மாதிரி."

மாதவிலக்கோடு பால் பானையைத் தொடக்கூடாது என்று நினைத்தாளே, அந்தப் பானையை யாரிடம் கொடுக்கிறோம் என்று நினைத்தாளா? புது வீட்டில் முதல் பால் வைப்பது வீட்டுக்காரி. அவள்தான் குடிபுகுகிறாள். வேறு பெண்ணுக்கு அந்த இடத்தை யாரும் கொடுப்பதில்லை.

நான் பச்சைச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனேன். எல்லாரும் பின்னால் நின்றார்கள். பால் நுரைத்து ஏறியது. நல்லதாக நாலு வார்த்தை நினைக்க வேண்டிய நேரம். ஆனால் நான் மனதுக்குள் சொன்னது வேறு.

இது என்ர வீடு. இஞ்ச இருக்கப்போறது நான்தான்.

பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, ஆளில்லாத பின்னறையில் ஒரு கதவை யாரோ மெல்லச் சாத்துவது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு, ஸ்பிரிங்வேலில் எங்கள் சமையல் மேசையில் உட்கார்ந்து அந்த வீட்டுக்குள் போய்வந்தேன். மனதால்தான். அரிசி வாளியை எங்கே வைப்பது, மிளகாய்த்தூள் போத்தலை எந்தத் தட்டில் வைப்பது என்று ஒவ்வொன்றாக அடுக்குவேன். லதீஸ் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் காது கேட்கும். "எங்க நிக்கிறீர்?" என்பார். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து வினுஷா என்னை வரச்சொன்னாள். பட்டப்பகல், பின்வளவில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவளோ குசினிக்குள் போகாமல் வாசல் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"அக்கா, ஆருக்கும் சொல்லாதேங்கோ. பின்னேரம் ஆறு மணியானால் பால் அடிப்பிடிச்ச மணம் வருது. நான் பாலே வாங்கிறேல்லை இப்ப."

"அடுப்பில பழசு ஏதும் ஒட்டியிருக்கும்."

"குசினியில ஒரு பொம்பிளை நிக்கிறா."

நான் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"கஜீவனும் கண்டவர். முதுகுதான் தெரியும். ஒரு நாளும் திரும்பினதில்லை. நாங்கள் உள்ளுக்க போனால் வேலையை நிப்பாட்டிப் போட்டு அப்பிடியே நிப்பா. எப்ப போகப்போறியள் எண்டு கேக்கிற மாதிரி."

நான் எழுந்து குசினிக்குள் போனேன். அடுப்புக்கு இடப்பக்கம் அரிசி வாளி. மேல்தட்டில் மிளகாய்த்தூள், அதற்குப் பக்கத்தில் மஞ்சள், கடைசியில் பெருஞ்சீரகம்.

நான் அடுக்கியபடியே.

"இதெல்லாம் நீர் வைச்சதா?"

"இல்லை அக்கா. நான் எத்தினை தரம் மாத்தி வைச்சாலும் காலமை இப்பிடித்தான் கிடக்குது."

நான் பயந்தது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பால் வைத்தபோது என்ன நினைத்தேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஐயரைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே திரும்பப் பால் வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாவூறு பட்டிருக்கும், நீத்துப்பூசணி ஒன்றை வெட்டும் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நான் அதைவிட மோசமானதைக் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

ஆறு மாதத்தில் வீடு விற்பனைக்கு வந்தது. 'அமைதியான தெரு, குடும்பங்களுக்கு ஏற்ற இடம்' என்று முகவர் பலகை நட்டார். பார்க்க வந்தவர்கள் குசினி வரை போய்த் திரும்பினார்கள். கடைசியில், விலை இறங்கியபோது, நாங்கள்தான் வாங்கினோம். வினுஷா கதவுத் திறப்பை என் கையில் வைத்துப் பொத்தினாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு நான் கும்பிடுறன்," என்றாள்.

அவள் மனதாரச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரு நிமிடம்.

எங்கள் குடிபூரலில் நானே பால் வைத்தேன். பால் பொங்கவில்லை. முக்கால் மணி நேரம் கொதித்து, வற்றி, அடியில் மஞ்சளாகப் படிந்தது. ஐயர் அடுப்பைக் குறை சொல்லிவிட்டுப் பூசையை முடித்தார்.

முதல் கிழமையே அவளைக் கண்டேன். சன்னலில் வெயில் இன்னும் இருந்தது. பால் கருகும் மணம். குசினியில், தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி நின்றாள். பச்சைச் சேலை, தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. என் கொண்டை. என் கழுத்து மச்சம்.

"நான்தான். வந்திட்டன்," என்று மெல்லச் சொன்னேன்.

அவள் கை நின்றது.

அவள் திரும்பவில்லை. நான் வெளியே போகும்வரைக்கும் அப்படியே நின்றாள்.

என் பொறாமைக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த வீட்டில் குடிபுகுந்தவள் அவள். வந்தவர்கள் வினுஷாவானால் என்ன, நானானால் என்ன, அவளுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

பிறகு நடந்ததுதான் என்னைக் கொன்றது. ஒருநாள் வேலை முடிந்து வர, லதீஸ் ஏப்பம் விட்டபடி, "இண்டைக்குக் கறி திறம்," என்றார். நான் சமைக்கவில்லை. ஸ்ருதியின் தலை இரட்டைப் பின்னலாக இருந்தது. நான் பின்னவில்லை. "ஆர் பின்னினது?" என்று கேட்டேன். "அம்மாதானே," என்றாள் பிள்ளை, என் முகத்தைப் பாராமலே.

வேறொரு நாள் குசினிக்குள் ஸ்ருதி சிரிக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள், பெற்ற பிள்ளை. அன்றைக்கு என் வயிறு எரிந்ததுபோல ஏலத்தன்றுகூட எரியவில்லை. ஸ்பிரிங்வேலுக்கே திரும்பிப் போவோம் என்று லதீஸிடம் கெஞ்சினேன். டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு தரம் கூப்பிட்டேன். கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் இரண்டு கையிலும் கடைப் பைகளோடு வந்து முழங்கையால் மணியை அழுத்தினேன். உள்ளே கோப்பைகள் வைக்கும் சத்தம். ஸ்ருதி கதவைப் பாதி திறந்தாள்.

"பையைப் பிடியம்மா," என்றேன்.

அவள் பிடிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள்.

"ஆரம்மா அது?" உள்ளேயிருந்து லதீஸ்.

"தெரியாது அப்பா. ஆரோ ஒரு அன்ரி. வீடு பாக்க வந்திருக்கிறா போல."

குசினிக்குள் தண்ணீர்க் குழாய் நின்றது.

"இது விக்கிற வீடில்லை எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிட வா பிள்ளை."

குரல் என்னுடையது.

ஸ்ருதி அதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டு, மரியாதையாகக் கதவைச் சாத்தினாள்.