மூன்றாம் தளத்து மணி

தீ எச்சரிக்கை மணி அலறியபோது எலக்ட்ரீஷியன் ஏணியின் நாலாவது படியில் நின்று விடுதி வாசல் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையிலிருந்த பல்பு நழுவிச் சுக்குநூறானது.

கீழே பொதுக்கூடத்திலிருந்து மாணவர்கள் திமுதிமுவென்று வெளியே ஓடிவந்தார்கள். ஓட்டெடுப்பு தொடங்க ஐந்தே நிமிடம் இருந்தது. இருபது வருடமாக விடுதியை நடத்திவரும் மாணவர் குழுவே இனியும் நடத்துவதா, பல்கலைக்கழக நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடுவதா என்ற ஓட்டெடுப்பு.

புகை இல்லை, தீ இல்லை. மணி மட்டும் தொண்டை கிழியக் கத்தியது.

நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த துணைப் பதிவாளர் எந்தத் தளத்தில் மணி அழுத்தப்பட்டது என்று காட்டும், வாசலை ஒட்டிய அறிவிப்புப் பெட்டியைத் திறந்து மணியை நிறுத்தினார். போன வாரம்தான் அவர் அனுப்பிய கம்பெனி ஆட்கள் அதைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். சாவியும் அவரிடம்தான்.

"மூன்றாம் தளம்," என்று உரக்கப் படித்தார். "யாராவது போய்ப் பாருங்கப்பா."

நாலு பேர் படியேறி ஓடி, மூச்சிரைக்கத் திரும்பினார்கள். "மூணாவது மாடியில ஒண்ணுமில்ல சார். உடைச்சு பட்டனை அமுக்குற மணிப் பெட்டிக் கண்ணாடிகூட உடையல."

"அப்போ ஒயரிங் கோளாறு." துணைப் பதிவாளரின் பார்வை ஏணிப் பக்கம் திரும்பியது. "பெட்டி புதுசு. ஒயர் நீங்க இழுத்தது. ஆட்களை வைக்கிறது மாணவர் குழுவா இருக்கலாம். தீப்பாதுகாப்புல கோட்டை விட்ட ஆளை வேலையை விட்டுத் தூக்குற அதிகாரம் எங்களுக்கு உண்டு. அஞ்சு மணிக்கு அறிக்கை போயிடும்."

எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கினார். விடுதிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடும் வேலையோடு சேர்ந்தது. அன்று காலைதான் அவர் மனைவி ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டியிருந்தாள்.

மாணவர் குழுத் தலைவன் வந்து அவர் தோளில் கை வைத்தான். "விடுங்கண்ணே. ரெண்டாவது மாடி ஒயரெல்லாம் அந்தக் காலத்துது. உங்க தப்பு இல்லன்னு குழு எழுதிக் குடுக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் எலக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவி மட்டும் தலைவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். வேதியியல் கூடத்தில் தூசியைக்கூட நிறுத்துப் பார்ப்பவள். விடுதியில் அவளுக்கு 'தராசு' என்று பெயர்.

எலக்ட்ரீஷியன் நேரே அவளிடம் போனார். "ஏம்மா தராசு, போன மாசம் காணாமப் போன நூலகச் சாவியை உக்காந்த இடத்துலயே கண்டுபிடிச்சவ நீ. என் ஒயர் பொய் சொல்லாதும்மா. யாரோ அடிச்சிருக்காங்க."

"யாருன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்கிறது என்ன, அந்தத் துணைப் பதிவாளர்தான்! நான் ஏணியில இருந்து பார்த்தேன், கூட்டத்துல உக்காராம போனைக் காதுல வச்சுக்கிட்டு வராந்தாவுல உலாத்திக்கிட்டு இருந்தாரு. புடிச்சு உலுக்கினா கொட்டிடும்."

"உலுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. மணி அடிச்சதால அவருக்கு என்ன லாபம்?"

"கூட்டம் கலைஞ்சுதே!"

"கலைஞ்சா, ஏழு நாள் கழிச்சு மறுபடி கூடணும். அதுதான் விதி. அதுவரைக்கும் விடுதி மாணவர் குழு கையிலதான். இன்னிக்கே ஓட்டு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னவர் அவர்."

எலக்ட்ரீஷியன் அரை நிமிடம்தான் சோர்ந்தார். "அப்போ மூக்குக்கண்ணாடி! அவனும் கூடத்துல இல்ல. மணி அடிச்சப்புறம்தான் மாடிப்படியில இறங்கி வந்தான்."

நிர்வாகத்திடம் ஒப்படைக்கச் சொல்லும் அணிக்கு அந்த மூக்குக்கண்ணாடி போட்ட மாணவன்தான் முன்னணி. மூன்று மாதமாகக் குளியலறைக் குழாய் ஒழுகுவதை எந்தக் கூட்டத்திலும் விடாமல் பேசுபவன். கேட்டதும் சீறினான்.

"நான் ஏன் அடிக்கிறேன்? இன்னிக்கு நாங்க ஜெயிக்கிற நாள்! அறிவிப்பைப் படிச்சீங்களா? 'முதல் தளம், பொதுக்கூடம்'னு நிர்வாகம் ஒட்டியிருக்கு. இடத்தை மாத்திட்டாங்கன்னு நினைச்சு முதல் மாடிக்கு ஏறி, கதவு கதவாத் தட்டிட்டு இருந்தேன். அங்க ஒரு ஈ காக்கா இல்ல."

தராசு அறிவிப்புப் பலகைக்குப் போய் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு தலைவனிடம் வந்தாள்.

"மணி அடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"முதல் மாடி, என் ரூம்ல. ஓட்டுச்சீட்டு எடுக்கப் போனேன். சத்தம் கேட்டதும் நேரா வாசலுக்கு வந்துட்டேன்."

"அதுக்கு மேல ஏறவே இல்ல?"

"இல்லவே இல்ல. ஏன், ஒயர் கோளாறுன்னுதான் முடிவாயிடுச்சே?"

அவள் படியேறினாள். எலக்ட்ரீஷியன் டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இரண்டாம் மாடியில் அவள் நின்றுவிட்டாள்.

"மூணாவது மாடி இன்னும் மேலம்மா."

"தெரியும்ணே. இங்க மணிப் பெட்டி எங்க?"

"தோ, இந்தத் தூணுல..." அவர் கை அந்தரத்தில் நின்றது. பெட்டி இருந்த இடத்தில் ஒரு சுவரொட்டி. 'நம் விடுதி நம் கையில்' என்று சிவப்பு எழுத்து. விடுதி முழுக்க ஒட்டியிருந்த சுவரொட்டிதான். தராசு அதன் ஒரு முனையைப் பிடித்து உரித்தாள். உள்ளே கண்ணாடி உடைந்து, பட்டன் அழுந்திக் கிடந்தது.

"நான்தான் சொன்னேனே! என் ஒயர் பொய் சொல்லாது!" எலக்ட்ரீஷியனின் குரல் மூன்று மாடிக்கும் கேட்டது.

நாலரை மணிக்கு அவள் எல்லாரையும் அறிவிப்புப் பெட்டியின் முன் நிற்கவைத்தாள். துணைப் பதிவாளர் பாதி எழுதிய அறிக்கையோடு வந்தார்.

"சார், இந்தப் பொதுக்கூடம் எந்தத் தளம்?"

"முதல் தளம். தரையில இருக்கிறதுதான் ஒண்ணு. எங்க கட்டடங்கள் எல்லாத்துலயும் அப்படித்தான்."

"நாங்க இதைக் கீழேன்னு சொல்வோம். படியேறினாத்தான் முதல் மாடி. உங்க கம்பெனி மாட்டின பெட்டியும் உங்க கணக்குலதான் எண்ணுது. அது காட்டின மூன்றாம் தளம் எங்களுக்கு ரெண்டாவது மாடி. நாலு பேர் ஒரு மாடி கூடுதலா ஏறித் தேடினாங்க, அதனால கண்ணாடி உடையலன்னாங்க. உடைஞ்ச கண்ணாடி அதுக்கு ஒரு மாடி கீழ, ரெண்டாவது மாடியில இருக்கு. ஒயர் சரியாத்தான் பேசியிருக்கு."

துணைப் பதிவாளர் பேனாவை மூடினார். "அப்போ அடிச்சது யாரு?"

"மணி அடிச்சதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் மேல ஏறுற வரைக்கும் இங்க எல்லார் வாயிலயும் மூணாவது மாடிதான். ஒருத்தர் மட்டும் சரியான மாடியைச் சொன்னார். அண்ணே, உங்களுக்கு ஆறுதல் சொன்னாங்களே, என்ன வார்த்தைன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தப் பகல் முழுவதும் அவர் பிடித்துக்கொண்டிருந்த வார்த்தை அது ஒன்றுதான். எலக்ட்ரீஷியன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "விடுங்கண்ணே... ரெண்டாவது மாடி ஒயரெல்லாம்..."

மீதி வரவில்லை. அவர் தலைவனைப் பார்த்தார். கூட்டம் முழுக்கத் தலைவனைப் பார்த்தது.

"மேல ஏறவே இல்லன்னு சொன்னீங்க," என்றாள் தராசு. "ஏறாதவருக்கு எந்த மாடின்னு எப்படித் தெரியும்?"

தலைவன் சட்டைப் பையிலிருந்த ஓட்டுச்சீட்டுக் கட்டை எடுத்தான். அதன் ரப்பர் வளையம்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைத் துணைப் பதிவாளரிடம் நீட்டவும் இல்லை, தானே வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. கடைசியில் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினான். கண்ணை மட்டும் நிமிர்த்தவில்லை.

"கூடத்துல தலை எண்ணிப் பார்த்தேன், தோத்துடுவோம்னு தெரிஞ்சுது. ஒரு வாரம் கிடைச்சா ஜெயிச்சிடலாம்... உங்களுக்கு வேற எங்கயாவது வேலை பார்த்துக் குடுத்துடலாம்னு நினைச்சேண்ணே."