பச்சைக்குறி போட்ட பாதை

தான் போட்ட பாதையில் இதுவரை ஒரு மனிதரும் தொலைந்ததில்லை, இனித் தொலையப்போவதும் இல்லை என்று அவன் சொன்னான். ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், பதவிப் பிரமாணம் எடுப்பவனின் முகத்தோடு சொன்னான். கீழே ஆறு அதைக் கேட்டுக்கொண்டு, கருத்து எதுவும் சொல்லாமல் போனது.

"பெருமைக்குச் சொல்லல. இது புவியியல்."

சைக்கிள் கிளப்பில் அவனுக்கு ரூட்டு என்று பெயர். தார் ரோட்டை விட்டு விலகி, ஆற்றங்கரை, வயல், காடு என்று சரளையும் மண்ணுமாகக் கிடக்கும் வழிகளைத் தேடிப் பிடித்து, கோடாக வரைந்து, கிளப்பின் இணையப் பக்கத்தில் ஏற்றுவது அவன் வேலை. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. வரைந்தவனே ஓட்டிப் பார்த்த பாதை என்றால் அதன் பக்கத்தில் ஒரு பச்சைக்குறி போடலாம். பச்சைக்குறி இருந்தால் கிளப்பில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் அப்படிப் போக இருந்தார்கள்.

இந்தப் பாதைக்கும் குறி போட்டிருந்தான். ஆறும் வயலும் ஓட்டிப் பார்த்தது நிஜம். கடைசி எட்டுக் கிலோமீட்டர் காட்டை மட்டும் கட்டிலில் குப்புறப் படுத்தபடி, செயற்கைக்கோள் படத்தில் மரங்களுக்கு நடுவே மெல்லிசாகத் தெரிந்த ஒரு வெளிறிய கோட்டின் மேல் விரலை இழுத்து வரைந்திருந்தான். அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் இந்தச் சாயங்காலச் சவாரி. கூட வந்த இருவருக்கும் அது தெரியாது.

ஒருவன் அவனுடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. அடுத்த மாதம் கல்யாணம்.

"இருட்டறதுக்குள்ள அவனை முழுசாக் கொண்டாந்து விடணும்" என்று கிளம்பும்போது மனைவி சொல்லியிருந்தாள்.

"என்ன, பார்சலா?"

"பார்சலா இருந்தா உங்ககிட்டக் குடுப்பேனா?"

இன்னொருவர் பல்டாக்டர். கிளப்பில் விதிகளை நினைவில் வைத்திருந்த ஒரே பெண்மணி.

"தூசில முன்னால போறவங்களுக்குப் பின்னால யாரு இருக்காங்கன்னு தெரியாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வரிசையா நம்பர் சொல்லணும். ரூட்டு ஒண்ணு, தம்பி ரெண்டு, நான் மூணு."

"நாள் பூரா அடுத்தவங்க பல்லை எண்ணிட்டு சாயங்காலம் எங்களையும் எண்ணணுமாக்கும்? நான் என்ன எல்கேஜியா டாக்டர்? வேணும்னா ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ரயில் விடுவோம்."

அவன் நம்பர் சொல்லவில்லை. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே போகும்போது மைத்துனன்தான் கத்தினான். "மாமா சார்பா ஒண்ணு! என் சார்பா ரெண்டு!"

"மூணு!" என்றார் டாக்டர், தூசிக்குள்ளிருந்து.

அதற்குப் பின் வந்த மௌனத்தில்தான் அவன் அதைக் கேட்டான். சரளை மேல் ஓடும் டயர்களின் கசங்கல் சத்தத்துக்கு அடியில், காய்ந்த சோளத் தட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்கும் அடியில், வெகுநாளாக எண்ணெய் காணாத ஒரு செயின், மிதிக்கு ஒரு முனகல் என்று நிதானமாக வந்துகொண்டிருந்தது. மூன்று செயினுக்கும் காலையில் அவன்தான் துடைத்து எண்ணெய் விட்டிருந்தான்.

காடு வாசல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வயல் முடிந்தது, வெளிச்சம் பாதியானது, அவ்வளவுதான். ஹேண்டில்பாரில் பொருத்திய சின்னத் திரையில் அவன் வரைந்த கோடு ஊதாவாக மின்னிக்கொண்டு முன்னே நீண்டது. தரையிலோ, சருகு மூடிய ஒரு பள்ளம் மட்டும், நெடுங்காலம் யாரோ ஒரே இடத்தில் போய்ப் போய் அமுக்கியது போல, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. அதில் செருப்புத் தடமில்லை, மாட்டுக் குளம்பில்லை, ஒரு பிளாஸ்டிக் உறைகூட இல்லை. மனிதர் போகும் வழியில் ஒரு குப்பைகூட இல்லாதது அவனுக்கு என்னவோ போலிருந்தது.

அவன் பிரேக் பிடித்தான். மைத்துனன் நின்றான். டாக்டர் நின்றார்.

பின்னால் அந்தச் செயின் இன்னும் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

"உங்களுக்கும் கேட்டுதா?" டாக்டரின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "திரும்பிப் பார்த்தேன். தூசிதான். ஆனா நாம நின்னா தூசி அடங்கணும் இல்ல? அது அடங்கவே மாட்டேங்குது."

"திரும்பிடலாம் மாமா."

திரும்பினால் அந்தத் தூசிக்குள் போக வேண்டும். திரும்பினால் ஏன் என்று ஊர் கேட்கும், பச்சைக்குறியைப் பற்றிக் கேட்கும். திரையில் தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் என்று இருந்தது.

"நான் ஓட்டிப் பார்த்த பாதைடா மாப்ளே" என்றது அவன் வாய். "இன்னும் கால்மணி நேரம்."

"அப்ப நீங்க கடைசில வாங்க" என்றார் டாக்டர். "உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

மறுக்க வழியில்லை. திரையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். அவர் முன்னால், மைத்துனன் நடுவில், அவன் கடைசியில். பின்விளக்குகளைப் போட்டுக்கொண்டார்கள்.

"இப்பவாவது நம்பர் சொல்லுங்க ரூட்டு. இப்ப நான் ஒண்ணு, நீங்க மூணு. பாதை பாதாளத்துக்குப் போற மாதிரி இருக்கு, என்னால திரும்பித் திரும்பிப் பார்க்க முடியாது."

"என் வண்டிச் சத்தம் கேட்டா போதாதா?" என்றான். வீம்பு அவனிடம் மிச்சமிருந்த ஒரே வெதுவெதுப்பு.

முதுகுக்குப் பின்னால் செயின் கிளம்பியது. இப்போது முனகல்களை எண்ண முடிந்தது. அவன் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக. அவன் மிதிப்பதை நிறுத்தினால், ஒரு மிதி கழித்து அதுவும். கழுத்துக்குப் பின்னால் காற்று குளிர்ந்தது. திரும்பக் கூடாது. மைத்துனனின் சிவப்பு விளக்கை மட்டும் பார். அவனை வீட்டில் சேர்த்துவிடு. அப்புறம் எதுவாயிருந்தாலும் இருக்கட்டும்.

"ஒண்ணு!" முன்னாலிருந்து டாக்டர்.

"ரெண்டு!"

அடுத்தது அவன் முறை. ஒரு நொடி. இரண்டு நொடி.

"மூணு."

அவன் வாயைத் திறக்கவில்லை.

குரல் அவன் காதுக்கு ஒரு முழம் பின்னால். குரல் அவனுடையது. அதே அலுப்பு, கடைசி எழுத்தை இழுக்கும் அதே இழுப்பு.

மைத்துனன் சிரித்தான். "மாமா வழிக்கு வந்துட்டாரு டாக்டர்!"

"டேய், நான்—"

முன்சக்கரம் மணலில் புதைந்தது. தரை வந்து நெஞ்சில் மோதியது. மூச்சு முழுவதும் வெளியே போய், திரும்பி வர மறுத்தது. அவன் சருகில் கன்னம் பதித்துக் கிடக்க, அது அவனைக் கடந்தது. அவசரமில்லாமல். பல வருடம் பூட்டிய அறையைத் திறந்தது போல ஒரு ஈர வாடை. ஒரு முதுகு. நீலச் சட்டை. அதன் பின்பாக்கெட்டில் கறுப்பு நூல் தையல். காலையில் அவன் மனைவி பல்லால் நூலைக் கடித்து முடித்துக் கொடுத்த தையல்.

அவன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். அவன் பாக்கெட்டில் தையல் இல்லை. கிழிசல் தொங்கியது.

எழுந்தான். சைக்கிளைத் தூக்கினான். மிதித்தான். தூரத்தில் மூன்று சிவப்பு விளக்குகள். சீரான இடைவெளி. அழகான வரிசை.

கத்தினான். தொண்டையிலிருந்து தூசி வந்தது. தூசி மட்டும். வாயைத் துடைத்துவிட்டு மறுபடி கத்தினான். மறுபடி தூசி.

"பின்னால ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருக்கு மாமா" என்றது மைத்துனனின் குரல்.

"ஒண்ணுமில்லடா மாப்ளே" என்றது அவன் குரல், அன்பாக. "நேராப் பார்த்து ஓட்டு. உங்கக்கா காத்துக்கிட்டிருப்பா."

மரங்களுக்கு அப்பால் தார் ரோட்டின் விளக்குகள் தெரிந்தன. மூன்று பேர் கிளம்பினார்கள், மூன்று பேர் போய்ச் சேருவார்கள். கதவு திறக்கும். சட்டை ஆணியில் தொங்கும். தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

அவன் மிதித்தான். எவ்வளவு மிதித்தாலும் அதே தூரம்.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு."

காடு காத்திருந்தது. அவன் வாயில் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. இது வந்தது.

"நாலு" என்றான், மெதுவாக.